வாடகை வீடும் மூன்றாவது கம்பியும்

வாடகைக்கு வீடு தேடிச் செல்பவர் ஒரு வீட்டைப் பார்வையிடும் முறை நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றே. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார். கதவுகள் ஒழுங்காகத் தாழிடுகின்றனவா, சன்னல் வழியே காற்று வருகிறதா, மழைக்காலத்தில் கூரை ஒழுகிய கறை எங்கேனும் உண்டா என்று நோக்குகிறார். பின்னர்ச் சுவரிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. மின்சாரத்தைப் பற்றிய விசாரணை அத்துடன் முடிந்துவிடுகிறது. வாடகை ஒப்பந்தத்திலும், இரண்டு மின்விசிறிகள், நான்கு குழல் விளக்குகள், குளியலறையில் ஒரு கீசர், யாவும் நல்ல நிலையில் உள்ளன என்று ஒரு வரி எழுதப்பெற்று, இரு தரப்பினரும் கையொப்பமிடுகின்றனர்.

நல்ல நிலை என்பதற்கு அங்கே பொருள் யாது? விளக்கு எரிவதற்கு இரண்டு கம்பிகள் போதும். மின்னோட்டத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பி ஒன்று. அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி மற்றொன்று. மூன்று துளைகளுள்ள பிளக்குகளின் பெரிய துளைக்கு வந்து சேரும் மூன்றாவது கம்பியான நிலத்தொடர்புக் கம்பிக்கு, வழக்கில் எர்த்துக் கம்பி எனப்படுவதற்கு, அன்றாடம் ஒரு வேலையும் இல்லை. அது அறுந்து கிடந்தாலும் விளக்கு எரியும், விசிறி சுழலும், கீசர் நீரைக் கொதிக்க வைக்கும். பத்தாண்டுகள் வரை யாதொரு வேலையுமின்றி இருந்துவிட்டு, பதினோராம் ஆண்டில் ஒரே ஒரு வினாடி வேலை செய்ய வேண்டிய கம்பி அது. அந்த ஒரு வினாடியில் அது இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே ஓர் உயிர் பிழைப்பதும் பிழையாததும் அமைகிறது. இத்தகைய கம்பியின் நிலையைச் சுவிட்சைத் தட்டிப் பார்த்து அறிய இயலாது. இதனை அறிவதற்கென்றே மின்பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று ஏற்பட்டுள்ளது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணங்கள் பற்றிய அறிக்கைகளின்படி, 2019, 2020, 2021 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் நம் நாட்டில் 12,000-க்கு மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி மாண்டுள்ளனர். இவர்களுள் வயல்வெளியில் அறுந்து விழுந்த கம்பியை மிதித்தோரும், மின்கம்பத்தில் பணிபுரிந்தோரும் அடங்குவர். எனினும், வீட்டுக்குள் மாண்டோர் பிறரினின்றும் ஒரு வகையில் வேறுபட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர், அன்று காலை வரை ஒரு குறையுமின்றி வேலை செய்த கருவி ஒன்றையே தொட்டனர்.

சுருக்கென்று ஓர் உணர்ச்சி

அக்குறை முன்னறிவிப்பு ஏதுமின்றி வருவதாகவும் சொல்வதற்கில்லை. சலவை இயந்திரத்தைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று ஓர் உணர்ச்சி. குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடியில் ஈரக் கை பட்டால் இலேசான அதிர்வு. கீசர் இயங்கும்போது குழாயில் மெல்லிய நடுக்கம். இவற்றைக் கண்ட குடும்பத்தினர் பெரும்பாலும் என்ன செய்கின்றனர்? இயந்திரத்தின் முன் ஒரு மரப்பலகையைப் போடுகின்றனர். அல்லது ரப்பர்ச் செருப்பை அணிந்துகொண்டு தொடுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கின்றனர். வீட்டுக்காரரிடம் சொன்னால், இதற்கு முன்பிருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்ற விடை வருகிறது. நாளடைவில் அந்தச் செருப்பு அவ்வீட்டின் மின்பாதுகாப்பு ஏற்பாடாகவே ஆகிவிடுகிறது. விருந்தினராக வந்த ஒருவருக்கோ, வெறுங்காலுடன் ஓடிவரும் குழந்தைக்கோ அந்த ஏற்பாடு தெரியாது.

மின்சாரக் கருவியின் உள்ளே பேஸ் கம்பியைச் சுற்றியுள்ள மின்காப்பு தேய்ந்தோ விரிந்தோ, அதன் உலோக உறையோடு தொடர்பு ஏற்பட்டுவிடுகிறது என்று கொள்வோம். கீசர்களில் இது எளிதில் நேர்கிறது. உப்பு மிகுந்த நீரால் வெப்பச்சுருளின் மீது படிவு ஏறி, அதன் உறை வெடித்து, உள்ளிருக்கும் மின்னோட்டம் நீருக்கும் தொட்டிக்கும் வந்து சேர்கிறது. எர்த்துக் கம்பி செவ்வையாக இருப்பின், அந்த மின்னோட்டம் அதன் வழியே விரைந்து பாய்ந்து பியூஸை உருக்கிவிடும், அல்லது எம்.சி.பி. எனப்படும் தானியங்கிச் சுவிட்சை விழச் செய்யும். கம்பி இல்லையாயின், உலோக உறை முழுவதும் 230 வோல்ட்டு மின்னழுத்தத்தில் காத்து நிற்கும். தரைக்குச் செல்ல அதற்கு வேறு வழி இல்லை, ஒரு மனிதர் வந்து தொடும் வரையில். மின்மாற்றியிலேயே நியூட்ரல் கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், அவர் உடல் வழியே தரைக்குள் இறங்கும் மின்னோட்டம் மண்ணின் வழியே திரும்பிச் சென்று சுற்றைப் பூர்த்தி செய்துகொள்கிறது.

நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியராகும். ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியரிலேயே கையின் தசைகள் இறுகிப் பற்றிய பொருளை விட முடியாத நிலை ஏற்படுகிறது. 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் நெஞ்சின் வழியே சிறிது நேரம் நீடித்துப் பாயுமாயின் இதயத்தின் ஒழுங்கான துடிப்பு குலைந்துவிடக் கூடும். ஒப்பிட்டு நோக்கினால், பத்து வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று எரிவதற்கு 40 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேற்பட்ட மின்னோட்டம் தேவைப்படுகிறது. சிறு விளக்கு ஒன்றை எரிக்கும் அளவே மனிதரைக் கொல்லவும் போதுமானது.

பியூஸ் இருக்கிறதே, அது காக்காதா என்று வினவுவோர் உளர். பியூஸும் எம்.சி.பி.யும் கம்பிகளைக் காப்பதற்காக ஏற்பட்டவை. மனிதரைக் காப்பதற்காக அல்ல. 16 ஆம்பியர் பியூஸுக்கு 0.23 ஆம்பியர் என்பது ஒரு பொருட்டே அன்று. எர்த்துக் கம்பி இருந்தும் அதன் நிலக்குழி வறண்டு போயிருந்தால் நிலைமை இன்னும் விசித்திரமானது. குழியின் மின்தடை 20 ஓம் என்று கொண்டால், கருவி பழுதுபடும்போது பாயும் மின்னோட்டம் 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பியூஸ் இதற்கு அசையாது. உறையும் மின்னேறிய நிலையிலேயே இருக்கும். போதாததற்கு, அக்கருவி இயங்கும் நேரமெல்லாம் ஏறத்தாழ 2.6 கிலோவாட் மின்திறன் வீணே மண்ணுக்குள் இறங்கி, மின்கட்டணச் சீட்டிலும் ஏறிவிடும். காரணம் தெரியாமல் கட்டணம் திடீரென உயர்ந்த வீட்டில் மீட்டரைக் குறைகூறுவதற்கு முன் இதனையும் ஆராய்வது நலம்.

இக்குறையை நிறைவு செய்யவே ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் பயன்படுகிறது. அதன் அமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒரே இரும்பு வளையத்தின் ஊடே செல்கின்றன. சென்ற மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்தால், இரண்டின் காந்த விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து வளையம் சும்மா இருக்கும். சென்றதில் ஒரு சிறு பகுதி திரும்பாமல் வேறு வழியில், ஒருவர் உடல் வழியாகவே ஆயினும், நிலத்துக்குள் இறங்கிவிட்டால் சமநிலை குலைந்து வளையத்தில் காந்தவிசை தோன்றுகிறது. அவ்விசை மற்றொரு சிறு சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டி, சுவிட்சை விழச் செய்கிறது. வீடுகளுக்கென அமைந்தவை 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டிலேயே, ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆயினும் பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்ட ஒருவரை இது காக்காது. அவர் உடல் அப்போது ஒரு விளக்கைப் போன்றதே. சென்ற மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது.

விதி உண்டு

மின்சாரச் சோதனை என்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்திலேயே மின் ஆய்வாளர் என்ற பதவிக்கு இடம் இருந்தது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 46-ஆவது விதி, மின்வழங்கல் அமைப்போடு இணைக்கப்பட்ட ஒவ்வொரு நுகர்வோர் அமைப்பும் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் சோதிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. மாநில அரசு பணிக்கும் வண்ணம் ஆய்வாளரோ மின்வழங்குவோரோ அச்சோதனையைச் செய்ய வேண்டும். மின்கம்பி அமைக்கும் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும் என்று 45-ஆவது விதி கூறியது. 48-ஆவது விதி, மின்காப்பின் அளவை வரையறுத்தது. ஒவ்வொரு மின்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 500 வோல்ட்டு அழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்தினால், தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையலாகாது.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்த பிறகு, மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அதே ஐந்தாண்டு வரம்பு தொடர்ந்தது. ஆனால் சோதிப்பவர் யார் என்பதில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. அரசு அறிவிக்கும் மின்னழுத்தத்துக்கு உட்பட்ட அமைப்புகளை, உரிமையாளரோ நுகர்வோரோ தாமே சோதிக்கச் செய்து, தாமே சான்றளிக்கலாம் என்றாயிற்று. பின்னர், இவ்வகைச் சான்றளிப்புக்குத் துணைபுரிய, அரசின் அங்கீகாரம் பெற்ற பட்டய மின்பாதுகாப்புப் பொறியாளர்கள் என்ற ஒரு வகுப்பினரும் ஏற்படுத்தப்பட்டனர். 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் இடத்தில் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வந்தன. காலமுறைச் சோதனையும் தாமே சான்றளிக்கும் முறையும் அவற்றிலும் உள்ளன.

கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஆய்வாளர் நேரில் செல்வது நடவாத காரியம் என்பதால் இம்மாறுதல் நேர்ந்தது. அதனைக் குறைகூற முடியாது. எனினும் நடைமுறையில் பெரும்பாலான வீடுகள், மின்இணைப்புப் பெறும் நாளில் ஒரு முறை சோதிக்கப்பட்ட பின் மறுமுறை சோதனையைக் காண்பதே இல்லை. இணைப்புப் பெற்ற நாளில் கம்பிகள் புதியவை; சுவர் புதியது; பளுவும் குறைவு. அபாயம் அதற்குப் பிந்திய ஆண்டுகளிலேயே முற்றுகிறது. சொந்த வீட்டிலாவது, எந்தக் கம்பி எங்கே செல்கிறது, எந்த ஆண்டில் எதை மாற்றினோம் என்ற நினைவு குடும்பத்தில் யாரேனும் ஒருவருக்கு இருக்கும். வாடகை வீட்டில் அந்த நினைவும் இல்லை.

இடையில் விழும் பொறுப்பு

வாடகை ஒப்பந்தங்கள் பல 11 மாதங்களுக்கே எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டத்தேவையைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். ஆகவே ஐந்தாண்டுச் சோதனை இடைவெளி ஒன்றில் ஐந்து குடும்பங்கள் வந்து போகக் கூடும். ஒவ்வொரு குடும்பமும் சுவரில் எதையேனும் விட்டுச் செல்கிறது. ஒருவர் திரைச்சீலைக் கம்பிக்காக இட்ட துளை, சுவருக்குள் செல்லும் கம்பியின் காப்பைச் சுரண்டிவிட்டுப் போகிறது. மற்றொருவர் குளிர்சாதனப் பெட்டிக்கெனப் படுக்கையறை விளக்குச் சுற்றிலிருந்தே கம்பி இழுத்துக்கொள்கிறார். மூன்றாமவர் போகும்போது தம்முடைய கீசரைக் கழற்றிக்கொண்டு, கம்பி முனைகளைத் துணிநாடாவால் சுற்றிவிட்டுச் செல்கிறார். அடுத்து வருபவர் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று முனைகளையும் கண்டு, இங்கே கீசருக்கு வசதி உண்டு என்று மகிழ்கிறார்.

இவற்றைச் சரிபார்க்க வேண்டியவர் யார்? குடியிருப்பவர் அது வீட்டுக்காரரின் வேலை என்று கருதுகிறார். வீட்டுக்காரர் மின்கழகத்தின் வேலை என்று கருதுகிறார். மின்கழகமோ மீட்டர் வரையில்தான் தன் பொறுப்பு என்கிறது. 2021 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இதில் ஓரளவு தெளிவு தருகிறது. அதன் அட்டவணைப்படி, வீட்டின் உள்ளும் புறமும் உள்ள மின்கம்பி அமைப்பும் அதனைச் சார்ந்த பராமரிப்பும் உரிமையாளரைச் சார்ந்தவை. சுவிட்சுகள், பிளக்குகள் ஆகியவற்றின் பழுதுகளும் மின்கருவிகளின் பழுதும் குடியிருப்பவரைச் சார்ந்தவை. ஆனால் அது ஒரு மாதிரிச் சட்டமே. அதனை ஏற்று நிறைவேற்றும் மாநிலங்களில்தான் அது செல்லும். மேலும், பழுது நேர்ந்தால் யார் செப்பனிடுவது என்று கூறும் அவ்வட்டவணை, பழுது உண்டா என்று முன்கூட்டிப் பார்ப்பது யார் என்று கூறவில்லை. கண்ணுக்குத் தெரியாத பழுதில் முன்னதைவிடப் பின்னதே முக்கியமானது.

பிற நாடுகளில் இதற்கு வழி காணாமல் இல்லை. இங்கிலாந்தில் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, தனியார் வாடகை வீடுகளின் மின்அமைப்பை உரிமையாளர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் தகுதி பெற்றவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவருக்குச் சோதனை அறிக்கையின் படியை 28 நாட்களுக்குள் தர வேண்டும். புதிதாக வருபவருக்கோ, அவர் குடிபுகும் முன்னரே தந்துவிட வேண்டும். ஜப்பானில் மின்வழங்கும் நிறுவனத்தின் மீதே கடமை சுமத்தப்பட்டுள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வீடுதோறும் ஆள் வந்து மின்கசிவை அளந்துவிட்டுச் செல்கிறார். வீட்டார் கட்டணம் ஏதும் செலுத்துவதில்லை. ஒரு நாடு உரிமையாளரையும் மற்றொரு நாடு மின்வழங்குவோரையும் பொறுப்பாக்கின. ஐயத்துக்கு இடமின்றி ஒருவரைப் பொறுப்பாக்கியதில் இரண்டும் ஒன்றே.

சோதிப்பவர் என்ன பார்க்கிறார்

தகுதி பெற்ற ஒருவர் இரண்டு அறைகள் கொண்ட வீட்டை ஒரு முற்பகலுக்குள் சோதித்துவிட இயலும். அவர் வீட்டினுள் வந்ததும் கருவி எதனையும் எடுப்பதில்லை. முதலில் கண்ணால் பார்க்கிறார். பிளக்குகளின் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியுள்ளதா, மெயின் பலகையில் பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பி சுற்றப்பட்டுள்ளதா, சுவிட்சுப் பெட்டியினருகே தீய்ந்த நாற்றம் உண்டா என்று ஆராய்கிறார். பழைய வீடுகளில் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் தனித்தனிப் பீங்கான் பியூஸ்கள் இருப்பதை இன்றும் காணலாம். நிலத்தொடர்புடைய நியூட்ரல் கம்பியில் பியூஸ் இருத்தலாகாது என்பது 1956-ஆம் ஆண்டு விதிகளிலேயே உண்டு. காரணம் எளிது. நியூட்ரல் பியூஸ் மட்டும் உருகினால் விளக்கு அணைந்துவிடும். மின்சாரம் போய்விட்டது என்று எண்ணி ஏணியில் ஏறிப் பல்பு மாட்டியைத் தொடுபவருக்கு அங்கே 230 வோல்ட்டும் குறைவின்றிக் காத்திருக்கும்.

கம்பியின் வயதும் முக்கியம். ரப்பர்க் காப்பிட்டு மேலே பருத்தி நூல் பின்னிய கம்பிகள் மரச்சட்டங்களின்மீது செல்வதைப் பழைய மாநகர வீடுகளில் காணலாம். அந்த ரப்பர் காய்ந்து நொறுங்கி, விரலால் தொட்டாலே உதிர்ந்துவிடும். செம்பு அருமையாயிருந்த ஆண்டுகளில் அலுமினியக் கம்பிகள் வீடுகளில் மிகுதியாக இடப்பட்டன. அலுமினியம் மென்மையானது, திருகாணியின் அழுத்தத்தில் நாளடைவில் நெகிழ்ந்து கொடுக்கிறது, காற்றுப்பட்டு அதன் மேற்பரப்பில் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஆக்சைடுப் படலமும் ஏற்படுகிறது. இதனால் இணைப்புகள் தளர்கின்றன. தளர்ந்த இணைப்பு ஒன்றின் தடை அரை ஓம்தான் என்றாலும், அதன் வழியே 10 ஆம்பியர் பாயும்போது 50 வாட் வெப்பம் அங்கே தோன்றுகிறது. மின்னணுப் பொருள்களைப் பற்றவைக்கும் சாதாரணப் பற்றுக்கோலின் வெப்பத்தைக் காட்டிலும் இது மிகுதி. அத்தகைய கோல் ஒன்றைச் சுவிட்சுப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுப் பணிக்குச் செல்வதற்கு இது ஒப்பாகும். இங்கே மின்னோட்டம் மிகைப்படவில்லை, ஆதலின் எம்.சி.பி. விழாது. நிலத்துக்குக் கசியவும் இல்லை. ஆதலின் மின்கசிவுத் துண்டிப்பானும் விழாது. இதனைத் தடுக்கத் திருகுளியையும் திருத்தமான கண்ணையும் தவிர வேறு சாதனமில்லை.

நாளிதழ்களில் வரும் தீ விபத்துச் செய்திகளில் மின்கசிவு காரணமாக என்ற தொடர் வழக்கமாக இடம்பெறுவது பற்றி இங்கே ஒரு சொல். கசிவு என்பது மின்னோட்டம் காப்பை மீறி நிலத்துக்கோ உறைக்கோ இறங்குவது. பேஸும் நியூட்ரலும் நேரே ஒன்றையொன்று தொடுவது குறுக்குச்சுற்று. இணைப்புத் தளர்ந்து சூடேறுவது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடுவதால், மூன்றையும் ஒரே கருவி தடுத்துவிடும் என்ற எண்ணமும் உடன் வந்துவிடுகிறது.

பார்வைக்குப் பின் அளவைகள். முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, விளக்குகளையும் கருவிகளையும் கழற்றிவிட்டு, மெக்கர் எனப்படும் கருவியால் 500 வோல்ட்டைச் செலுத்தி மின்காப்பின் தடையை அளக்கிறார். நல்ல நிலையிலுள்ள கம்பிகள் ஒரு மெகா ஓமைப் பன்மடங்கு விஞ்சி நிற்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய சுவருள்ள வீட்டில் இவ்வளவு விழுந்துவிடும். எனவே கோடையில் தேறிய வீடு என்று மட்டும் கொண்டு அமைதி அடையலாகாது. நிலக்குழிக்கோ இதற்கு நேர்மாறான பருவம் கடினம். கோடையில் மண் வறண்டு அதன் தடை உயர்கிறது. குழாயை நாட்டிக் கரியும் உப்பும் இட்டு, அவ்வப்போது நீர் ஊற்றுவதற்கு வழிவிட்டு அமைப்பது பழைய முறை. அடுக்குமாடிக் கட்டடங்களில் வண்டி நிறுத்துமிடத்துக்குச் சிமெண்டுத் தளம் இடும்போது, அந்த வாயும் சேர்த்து மூடப்பட்டுவிடுவதுண்டு. குழி எங்கே இருக்கிறது என்று கேட்டால் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

அடுத்து வருவதே இச்சோதனையின் உயிர்நிலை. ஒவ்வொரு பிளக்கின் பெரிய துளையிலிருந்தும் மெயின் பலகையின் நிலத்தொடர்பு முனை வரையில் கம்பி அறுபடாமல் செல்கிறதா என்று அளக்கிறார். இங்கேதான் ஒரு தந்திரம் அகப்படுவதுண்டு. எர்த்துக் கம்பி இல்லாத வீட்டில், பிளக்குக்குள்ளேயே எர்த்து முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, எர்த்து கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கூலி பெறும் ஒயர்மேன்கள் உளர். டெஸ்டர் கொண்டு பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் அந்தப் பிளக்குக்கு வரும் நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்துவிட்டால், கருவியின் வழியே வந்த மின்சாரம் முழுவதும் அந்தத் துண்டுக் கம்பியின் மூலம் உலோக உறைக்கு ஏறிவிடும். கருவியில் ஒரு பழுதும் இல்லாமலே அது கொல்லும் பொருளாகிவிடுகிறது. இத்தகைய வீட்டில் மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்தினால், சில சமயம் காரணமின்றி அது விழுந்துகொண்டே இருக்கும். அப்போது பலர் கோளாறுள்ள பிளக்கைத் தேடுவதில்லை. துண்டிப்பானைக் கழற்றிவிட்டு நேரே இணைத்துவிடுகின்றனர்.

பளுவையும் சோதிப்பவர் கணக்கிடுகிறார். விளக்கு, விசிறிகளுக்கான ஒரு துணைச்சுற்றில் பத்து முனைகளுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ சேர்த்தலாகாது என்பது இந்தியத் தரநிர்ணயத்தின் நெறி. பெரும்பளுவுக்கான சுற்றில் இரண்டு பிளக்குகளே இருக்கலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் விளக்கும் விசிறியும் வானொலியுமாக இருந்த வீட்டில் இன்று 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியரை இழுக்கிறது. தூண்டலடுப்பும் அவ்வாறே. கம்பி மட்டும் அன்று இட்டதே.

இவையெல்லாம் முடிந்ததும் அளவுகளைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, மெயின் பெட்டியின் கதவின் உட்புறத்தில் ஒட்டுவது ஒரு நல்ல வழக்கம். குடும்பங்கள் மாறினாலும் பெட்டி மாறுவதில்லை. ஒப்பந்தத்தில் விசிறிகளின் எண்ணிக்கையை எழுதும் வரியின் கீழே, எர்த்துத் தொடர்ச்சி, மின்காப்புத் தடை, துண்டிப்பான் விழும் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதிக்கொள்வதற்குச் சட்டம் எதுவும் தடையாக இல்லை. முன்பணம் கைமாறும் முன்னர், வீடு காலியாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களே சோதனைக்கு மிக ஏற்றவை. கழற்ற வேண்டிய கருவிகள் இல்லை, காத்திருக்க வேண்டிய சமையலும் இல்லை. சுவருக்கு வெள்ளையடிப்பவர் வரும் நாட்களும் அவையே. சுவரில் துளையோ வெட்டோ தேவைப்பட்டாலும் அவர் கையோடு பூசிவிடலாம்.

ஆள் வரும் வரையில் குடியிருப்பவர் தாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மின்கசிவுத் துண்டிப்பானின் முகப்பில் ஆங்கில எழுத்து டி பொறித்த ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதனை அழுத்தினால், அதன் காவலிலுள்ள சுற்றுகள் அனைத்திலும் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். இப்பொத்தான் துண்டிப்பானை மட்டுமே சோதிக்கிறது, எர்த்துக் கம்பியைச் சோதிப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பலமுறை அழுத்தியும் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்குமாயின், துண்டிப்பானை மாற்றும் வரையில் கீசர், சலவை இயந்திரம் ஆகியவற்றின் பிளக்குகளைக் கழற்றி வைப்பது தக்கது.